வண்டி திணறுகிறதா? கோளாறைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிக்கப் இல்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது, ஐட்லிங் நிற்கவில்லை, சூடானால் ஆஃப் ஆகிவிடுகிறது. சரியாக ஓடாத மோட்டார் சைக்கிளைப் பற்றிய புகார்கள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். அதனால்தான் பலர் முதலில் பிளக்கை மாற்றி, அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றி, அதுவும் சரிவராமல் இக்னிஷன் காயிலையும் மாற்றிவிட்டு, கடைசியில் டேங்க் மூடியின் காற்றுத் துளையில் அடைத்திருந்த தூசியில் வந்து நிற்கிறார்கள்.

இன்ஜின் ஒழுங்காக ஓட நான்கு விஷயங்கள் வேண்டும்: பெட்ரோல், காற்று, சரியான நேரத்தில் தீப்பொறி, போதுமான அழுத்தம். இந்த நான்கில் எது குறைகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குச் செலவில்லாத, எளிதான சோதனைகளை முதலில் செய்யுங்கள். சோதித்து உறுதியாகாத எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. மூன்றும் சேர்ந்து புதிய கோளாறைக் கொண்டுவந்தால் இன்னும் மோசம்.

ஸ்பானரை எடுக்கும் முன்

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு குளிர்ந்த இன்ஜினில் வருகிறதா, சூடான பிறகா? ஐட்லிங்கிலா, பாதி ஆக்சிலேட்டரிலா, முழுதும் முறுக்கும்போதா? திடீரென வந்ததா, மெல்ல மெல்லக் கூடியதா? அதற்கு முன் என்ன நடந்தது: மழையா, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினீர்களா, பெட்ரோல் போட்டீர்களா, வண்டி பல வாரம் சும்மா நின்றதா, சர்வீஸ் முடிந்து வந்ததா?

இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் நேராக இடத்தைக் காட்டும். சர்வீஸ் முடிந்து வந்ததும் கோளாறு என்றால் முதலில் கைவைத்த இடத்தையே பாருங்கள்: ஏர் ஃபில்டர் பெட்டி மூடி சரியாக உட்காரவில்லை, டேங்கை இறக்கும்போது ஏதோ ஒரு டியூப் நசுங்கியிருக்கிறது, ஒரு கனெக்டர் 'கிளிக்' என்று பொருந்தவில்லை. திடீரென வந்த கோளாறு பெரும்பாலும் மின்சாரமாகவோ அடைப்பாகவோ இருக்கும். மெல்லக் கூடியது என்றால் தேய்மானம், அழுக்கு, டேப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி).

ஆக்சிலேட்டர் எந்த அளவில் இருக்கும்போது திணறுகிறது என்பதை நினைவிலிருந்து சொல்லப் பார்த்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். ஆக்சிலேட்டர் பிடியிலும் அதன் பக்கத்திலுள்ள சுவிட்ச் பெட்டியிலும் தலா ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பெட்டியில் ஒரு கோடு, பிடியில் கால், அரை, முக்கால், முழு என்று நான்கு கோடுகள். இப்போது ஓட்டிப் பார்த்தால் எங்கே சிக்கல் என்று ஒரு பார்வையில் தெரியும். இன்ஜின் வேகம் என்று தோன்றுவதும் ஆக்சிலேட்டர் திறப்பும் ஒன்றல்ல. நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது முக்கால் வாசி முறுக்கியிருக்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மூடிய அறையில் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பெட்ரோலைத் திறக்கும்போது பக்கத்தில் பொறி எதுவும் வேண்டாம்.

கோளாறு இன்ஜினில்தானா?

"வண்டி இழுக்கவில்லை" என்பதற்கு இன்ஜின் காரணமாகவே இல்லாமல் இருக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்ற வேண்டும். முன் சக்கரத்தையும் தூக்கிப் பாருங்கள். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, டிரம் அல்லது டிஸ்க்கின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் உராய்ந்துகொண்டே இருக்கிறது. டயர் காற்று, செயின் இறுக்கம் இரண்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து கிளட்ச். மேல் கியரில் நடுத்தர வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். அதுவே இல்லையென்றால் கேபிளைத் தளர்த்தினாலே சில சமயம் சரியாகிவிடும். ஆயில் மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால் டப்பாவைப் பாருங்கள். கிளட்ச் ஆயிலில் ஊறியிருக்கும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ (JASO MA, இத்தகைய கிளட்சுக்கான தரம்) ஆயில் வேண்டும். உராய்வு குறைக்கும் சேர்மானங்கள் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு.

இவையெல்லாம் சரி என்றால்தான் இன்ஜினுக்குப் போக வேண்டும்.

பெட்ரோல் வருகிறதா, நல்ல பெட்ரோலா?

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, காக் (டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் திறப்பான்) திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அனுபவசாலிகளும் இதில் மாட்டுவதுண்டு.

கார்புரேட்டர் வண்டியில் அதன் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைத்து அதைத் தளர்த்துங்கள். வரும் பெட்ரோல் இரண்டு விஷயங்களைச் சொல்லும். முதலாவது அதன் தரம். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் தனிக் குமிழாகவோ அடுக்காகவோ கீழே தங்கும். துரு, மண் இருந்தாலும் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் வார்னிஷ் போல நாறினால் அதை வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

இரண்டாவது ஓட்டம். கிண்ணம் காலியான பிறகும் பெட்ரோல் சீராக வந்துகொண்டிருக்க வேண்டும். முதலில் நன்றாக வந்து, பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். உடனே ஓட்டம் கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேறிய இடத்துக்குக் காற்று உள்ளே போகாததால் டேங்கில் வெற்றிடம் உருவாகி ஓட்டம் நின்றுவிடுகிறது. சில கிலோமீட்டர் நன்றாக ஓடி, நின்று, சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டியில் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். மூடியைத் திறந்தும் ஓட்டம் கூடவில்லை என்றால் காக்கின் சல்லடை அல்லது ஃபில்டர்.

சில வண்டிகளில் காக் வெற்றிடத்தால் திறக்கும் வகை. இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் பெட்ரோல் விடும். அதை பிரைம் நிலையில் (இன்ஜின் ஓடாவிட்டாலும் பெட்ரோல் விடும் நிலை) வைத்துச் சோதியுங்கள். அந்த வகையில் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் வெற்றிட டியூப் வழியாகப் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகும். அந்த டியூபைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரமாக இருக்கும். எத்தனையோ கார்புரேட்டர்கள் இந்தச் சவ்வுக்காக வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

காற்று

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். காகித வகை கறுத்து அடைத்திருந்தால் மாற்றுவதுதான் வழி, பெட்ரோலில் கழுவக் கூடாது. ஸ்பாஞ்ச் வகையைக் கழுவி, காயவைத்து, அதற்குரிய ஆயிலை இட்டுப் பிழிந்து மாட்டலாம். கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் கலவையில் பெட்ரோல் கூடும்: கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு, வேகத்தில் மூச்சுத் திணறல். பெட்டிக்குள் பூச்சிக் கூடோ எலி கொண்டுவந்த பஞ்சோ இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறு, உள்ளே போகக் கூடாத வழியில் காற்று போவது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பில் வெடிப்பு இருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ ஐட்லிங் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் தொங்கும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். கார்ப் கிளீனரைத் தெளித்தும் சிலர் சோதிப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் என்பதால் தண்ணீரே போதும் என்பேன்.

பிளக்கும் தீப்பொறியும்

பிளக்கைக் கழற்றும் முன் அதன் குழியிலுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள். இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றியதும் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது தீப்பொறி பலவீனம். ஆயில் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. வெளுத்து, கொப்புளம் கட்டியிருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அளவுக்கு மீறிய சூடு. இப்படி இருக்கும்போது நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் பிஸ்டன் கெடும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை.

ஒரு விஷயம். ஐட்லிங்கில் வெகுநேரம் விட்டுவிட்டுக் கழற்றிய பிளக், ஐட்லிங்கைப் பற்றி மட்டும்தான் சொல்லும். முக்கால் ஆக்சிலேட்டரில் திணறுகிறது என்றால், வெற்றுச் சாலையில் அதே நிலையில் சற்று தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். அதுதான் சரியான சாட்சி.

பிளக் முனையின் இடைவெளி பல வண்டிகளில் 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் மேனுவலில் உள்ள அளவை ஃபிலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அமையுங்கள். வேறு கம்பெனி பிளக் போடும்போது எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை (சூட்டை வேகமாகக் கடத்துவது), பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. மாட்டும்போது கையாலேயே கடைசிவரை திருகி, புதிய வாஷர் என்றால் சுமார் அரைச் சுற்று, பழையது என்றால் மிகச் சிறிதளவு மட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். அலுமினிய மரை ஒருமுறை போனால் பெரிய வேலை.

தீப்பொறியைப் பார்க்க, நல்ல பிளக் ஒன்றை ஒயர் முனையிலுள்ள கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினோடு உறுதியாகத் தொடவைத்து, பிளக் குழியிலிருந்து தள்ளி வைத்துச் செல்ஃப் அல்லது கிக்கர் அடியுங்கள். குழியிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால்தான் தள்ளி வைக்கச் சொல்கிறேன். எர்த் இல்லாமல் பொறி அடிக்கவிட்டால் சிடிஐ பெட்டி (பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) போய்விடலாம். நீல நிறத்தில், சத்தமாக, ஒரே சீராக வர வேண்டும். வெளிக் காற்றில் பொறி நன்றாக இருந்தாலும் சிலிண்டரின் அழுத்தத்தில் அது சோர்ந்துவிடலாம். இடைவெளியைக் கூட்டிவைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று இருந்தால் அந்தப் பலவீனமும் தெரிந்துவிடும்.

பொறி பலவீனமா? காயிலைக் குறை சொல்லும் முன் கேப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் அளவிடுங்கள். தடை வைத்த கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அருகே காட்டும்; எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. கேப் வெறுமனே திருகி மாட்டும் வகை என்றால், ஒயரின் முனையில் பச்சைப் பூப்பு இருக்கும் சில மில்லிமீட்டரை வெட்டிவிட்டு மீண்டும் திருகுங்கள். மழையில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஒயர் மேல் தண்ணீர் தெளித்துத் தள்ளி நின்று பாருங்கள். பொறி கசியும் இடம் கண்ணுக்கே தெரியும்.

இரண்டு, நான்கு சிலிண்டர் வண்டிகளில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை முதலில் பிடிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிச் சில நொடிகளில் ஒவ்வொரு சைலன்சர் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மற்றவற்றில் ஆவியாகும், ஒன்றில் மட்டும் தங்கும்.

பேட்டரியும் ஒயரிங்கும்

வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. இன்ஜினைச் சற்று வேகமாக ஓட விட்டு அளந்தால் 13.5 முதல் 14.5 வரை. ஏறவே இல்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை, 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பேட்டரி பலவீனமானால் பம்பும் கம்ப்யூட்டரும் குழம்பி, சென்சார் கோளாறு போலவே நடிக்கும்.

இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். அணைந்தால் ஹேண்டில் கழுத்தருகே ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. மேடுபள்ளத்தில் மட்டும் நின்று நின்று பிடித்தால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், பேட்டரி எர்த், ஃபியூஸ் பிடிப்பு ஆகிய மூன்றையும் அசைத்துப் பாருங்கள்.

சூடானதும் நின்று, ஆறினால் கிளம்பும் வண்டிக்கு ஒரு தனி விதி: நின்ற அந்த நிமிடமே சோதிக்க வேண்டும். பிளக், ஸ்பானர், மீட்டர் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள், அப்புறம் பொறியைப் பாருங்கள். பொறி இல்லையென்றால் இக்னிஷன் காயிலோ, பொறி அடிக்க வேண்டிய நேரத்தை உணர்த்தும் பிக்கப் காயிலோ சூட்டில் அறுபடுகிறது. பொறி இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது என்றால் டேப்பெட்டைச் சந்தேகியுங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கும், எதுவும் தெரியாது.

கார்புரேட்டர்

டேப்பில் போட்ட கோடுகள் இங்கேதான் கைகொடுக்கும். ஐட்லிங்கிலிருந்து ஏறக்குறைய கால் திறப்பு வரை கலவையைத் தீர்மானிப்பது ஸ்லோ ஜெட்டும் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள திருகு) மிக்சர் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். வண்டி நீண்ட நாள் நின்று, இப்போது சோக் (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) போட்டால்தான் ஓடுகிறது, ஐட்லிங் இல்லை, முறுக்கினால் மட்டும் சரி என்றால் அது ஸ்லோ ஜெட் அடைப்பு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்ந்த பெட்ரோல் பிசுக்கு அதை மூட அதிக நாள் எடுக்காது.

கலவை எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்பதைப் பிரிக்காமலே அறியலாம். திணறும்போது சோக்கைச் சற்று இழுங்கள். நன்றானால் பெட்ரோல் போதவில்லை. மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். முழுதும் முறுக்கும்போது திணறி, சற்றே தளர்த்தியதும் இழுத்தால் அதுவும் பெட்ரோல் குறைவுதான். எப்போதும் கறுப்புப் புகை என்றால் சோக் முழுதாக ஆஃப் ஆகிறதா, ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) சரியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

பிரிக்கும்போது மிக்சர் ஸ்க்ரூவை முதலில் மெல்ல உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு, பிறகு வெளியே எடுங்கள். அழுத்தி இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். இந்த ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், வெளியே திருகினால் கலவையில் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை, அதாவது எதிர்மாறாக. ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அப்புறம் எந்த அமைப்பும் நிற்காது. ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டு, கண்ணாடி அணிந்து, கார்ப் கிளீனரும் அழுத்தக் காற்றும் கொண்டு எல்லா வழிகளையும் ஊதுங்கள். வெற்றிட வகைக் கார்புரேட்டரில் மேல்மூடிக்குக் கீழே உள்ள ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசித் துளை இருந்தாலும் வண்டி பாதி வேகத்துக்கு மேல் போகாது.

ஃப்ளோட் ஊசி மூடாமல் பெட்ரோல் நிரம்பி வழிந்திருந்தால் இன்ஜின் ஆயிலையும் பாருங்கள். அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றும்வரை கிளப்ப வேண்டாம்.

இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால்

சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து இரண்டு மூன்று நொடி 'ஊம்' என்ற சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபியூஸ், கில் சுவிட்ச், ரிலே, அப்புறம்தான் பம்ப். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால் கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள். பல ஹோண்டா வண்டிகளில் விளக்கு மின்னும் முறையே குறியீடு: நீண்ட மின்னல் பத்து, குறுகியது ஒன்று. குறியீடு ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால், சென்சாரை வாங்கும் முன் அதன் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐட்லிங் மட்டும் தடுமாறினால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்தாலே சரியாகலாம். அங்கே பெயின்ட் வைத்த ஸ்க்ரூவைத் தொட வேண்டாம், அது தொழிற்சாலையில் அமைத்தது. விளக்கும் இல்லை, வேகத்தில் மட்டும் இழுவை இல்லை என்றால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்க வேண்டும். பம்பின் சல்லடை அடைத்திருப்பது சாதாரணம்.

டேப்பெட், அழுத்தம்

டேப்பெட் சத்தம் போட்டால் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். சத்தமே போடாத டேப்பெட்தான் கவலைக்குரியது. வால்வு தன் இருக்கையில் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாமல் போனால், சூட்டில் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசியும், ஐட்லிங் நிற்காது, சூடான இன்ஜின் கிளம்ப அடம்பிடிக்கும். நாளடைவில் வால்வே கருகும். இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, பிஸ்டனை அழுத்தச் சுற்றின் உச்சியில் நிறுத்தி, இரண்டு ராக்கரும் தளர்வாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஃபிலர் கேஜால் அளங்கள். அளவு மேனுவலில் உள்ளதுதான். சிறிய இன்ஜின்களில் பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள் வரும்.

அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் கம்ப்ரஷன் கேஜ். இன்ஜின் சூடாக, பொறி துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை அடியுங்கள். ஆக்சிலேட்டரைத் திறக்காமல் அளந்தால் நல்ல இன்ஜினும் கெட்டதாகத் தெரியும். டீகம்ப்ரஷன் வசதியுள்ள (எளிதாகக் கிளப்ப அழுத்தத்தைக் கொஞ்சம் விடும்) இன்ஜினிலும் அளவு குறைவாகவே காட்டும், மேனுவலோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள். குறைவு உறுதியானால் பிளக் குழியில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். சிலிண்டர் படுத்தவாக்கில் இருக்கும் இன்ஜின்களில் ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடுவதால் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது.

புகையும் துணைக்கு வரும். இழுக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் ரிங். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி முறுக்கும்போது மட்டும் ஒரு கொத்து நீலம் என்றால் வால்வு சீல். நீரால் குளிரூட்டும் வண்டியில் நின்றுபோகாத வெள்ளைப் புகையும், குறையும் கூலன்ட்டும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட். காலையில் முதல் சில நிமிட வெள்ளைப் புகை வெறும் ஈரம்தான். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இவற்றோடு சைலன்சரில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ரிங், வால்வு வேலை என்று வந்துவிட்டால் இன்ஜினைப் பிரிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். போகும்போது முதலில் எழுதிய தாளையும் அளவுகளையும் கொடுங்கள். வண்டி திரும்பி வந்ததும், எந்தச் சூட்டில், எந்தக் கோட்டில் திணறியதோ அதே நிலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு டேப்பை உரியுங்கள்.